அத்தியாயம் 7: இலை வண்டி முதல் கொச்சித் துறைமுகம் வரை

நீலகிரித் தேயிலை கடல் தாண்ட வேண்டுமென்றால் முதலில் மலை இறங்க வேண்டும். குன்னூர் ஏலத்தில் விலைபோன மூட்டைகள் லாரியேறி, பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை, வாளையாறு, பாலக்காடு, குதிரான் சுரங்கம் கடந்து கொச்சிக்குப் போகின்றன. வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தில் கப்பலேறும் சரக்கு அதற்குப் பிறகு எத்தனை நாடு சுற்றினாலும், நம் மாவட்டத்துக் காற்றையும் நம் ஓட்டுநரின் முதுகையும் தொடுவது இந்த முதல் பயணம்தான். இதை டீசல் இல்லாமல் செய்ய முடியுமா, செய்தால் செலவு யார் தலையில் விழும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த அத்தியாயம் பதில் தேடுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் முதல் கேள்வியைத் தீர்க்கப் போகாதீர்கள்.

இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் போடுபவர்கள் இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலை ஆலையின் இயக்குநர்களாகவோ, இலை வாங்கி அரைக்கும் தனியார் ஆலைக்காரர்களாகவோ, லாரி உரிமையாளர் சங்கத்தினராகவோ, ஊராட்சி மன்றத்தினராகவோ இருக்கலாம். முதல் கூட்டத்துக்கே ஓட்டுநர்களையும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். முடிவெடுத்த பிறகு அவர்களை அழைத்துச் சொல்வது ஆலோசனை ஆகாது.

எங்கிருந்து தொடங்குவது

துறைமுக லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றும் பேச்சு பெரும்பாலும் துறைமுக வாசலில் தொடங்கும். மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பேட்டரி மாற்றும் வசதியுள்ள கனரக மின் லாரிகள் ஓடத் தொடங்கின. துறைமுக வளாகத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் திரும்பத் திரும்ப ஓடும் வண்டிகளுக்கு அது பொருத்தமான தொடக்கம். நீலகிரிக்கு அந்த வரிசை ஒத்துவராது.

காரணம் தேயிலையிலேயே இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அதாவது கொச்சிக்குப் பத்து டன் தூள் போகிறது என்றால், அதற்கு முன்பு நாற்பது டன்னுக்கு மேல் இலை ஊருக்கு ஊர் எடை போடப்பட்டு, பிக்கப்பிலும் சின்ன யானை எனப்படும் டாடா ஏஸிலும் டாடா 407 லாரியிலும் ஏறி, ஒற்றைத் தடச் சாலைகளில் ஆலைக்கு வந்திருக்கிறது. அந்தச் சாலைகள் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகின்றன. வண்டிகள் பெரும்பாலும் பழையவை. முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து டீசலைக் குடிப்பவை. கோத்தகிரிப் பக்கத்துப் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் மஞ்சூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் மக்கள் மூச்சில் இழுக்கும் புகை இவற்றின் புகை. கொச்சி போகும் பெரிய லாரியின் புகையில் பெரும்பகுதி மாவட்ட எல்லைக்கு வெளியேதான் கரைகிறது.

இலை வண்டிக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அதன் நாள் முன்கூட்டியே தெரிந்த நாள். காலையில் ஆலையிலிருந்து கிளம்பி, எடை போடும் இடங்களைச் சுற்றி, சாக்கில் இலை சூடேறிச் சிவப்பதற்குள் திரும்பி வந்தாக வேண்டும். தூரம் குறைவு, வழி மாறாது, இரவு நிற்குமிடமும் மாறாது. மின் வண்டிக்கு இதைவிட எளிதான வேலை கிடையாது. ஆகவே முதல் கட்டமாக இலை வண்டிகளையும், இரண்டாம் கட்டமாகக் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை, இருகூர் கன்டெய்னர் டிப்போ வரையிலான லாரிகளையும் மாற்றலாம். கொச்சி வரை முழுதாக மாற்றுவதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கட்டத்தைப் பெரிய லாரி நிறுவனங்களும் ஏற்றுமதியாளர்களும் தங்கள் பணத்தில் செய்யட்டும். சிறு உரிமையாளரை அதற்குள் இழுக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

மலையின் கணக்கு

கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி அநேகமாக இதுவாக இருக்கும்: "ஏத்தத்துல சார்ஜ் தீந்து நின்னுட்டா, லோடோட யாருங்க வந்து இழுப்பாங்க?" கேட்பவர் இருபது வருடம் இந்த மலையில் ஓட்டியவராக இருப்பார். அவருக்கு எண்களில் பதில் சொல்ல வேண்டும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஒரு டன் எடையை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 4 யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் தேவை. 34 கிலோமீட்டர் தூரத்துக்கு டயர் உராய்வு டன்னுக்கு முக்கால் யூனிட் அளவில் சேரும். மோட்டாரிலும் பேட்டரியிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 6 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் வண்டி 6 டன், சரக்கு 10 டன் என்றால், சரக்கோடு ஏற 95 யூனிட் ஆகும். காலியாக ஏற 35 யூனிட் போதும்.

இனி இறக்கம். டீசல் லாரி இறங்கும்போது மலை தந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் லைனிங்கிலும் எஞ்சினிலும் வெப்பமாக்கியே தீர்க்கிறது. பர்லியார் இறக்கத்தில் பிரேக் கருகும் வாடையை நுகராத ஓட்டுநர் இருக்க மாட்டார். மின் லாரியில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்கு மின்சாரம் தருகிறது. 16 டன் எடையோடு குன்னூரிலிருந்து இறங்கும் வண்டி, காகிதக் கணக்கில் 25 முதல் 35 யூனிட் வரை திரும்பப் பெறும். காலியாக ஏறி, தேயிலையோடு இறங்கும் லாரிக்கு இந்த மலைச் சாலை ஏறக்குறைய இலவசம் என்று பொருள். சுவிட்சர்லாந்தில் ஒரு சிமென்ட் ஆலையின் சுரங்கத்தில் இதே விதியை நம்பி, காலியாக ஏறி 60 டன்னுக்கு மேல் கல்லோடு இறங்கும் மின் டம்பர் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறார்கள்.

ஆனால் நம் லாரிகள் காலியாக ஏறுவது அபூர்வம். அரிசி, உரம், சிமென்ட், மளிகை என்று மலைக்கு வேண்டியதெல்லாம் கீழேயிருந்துதான் வருகிறது. திரும்பு லோடு இல்லாமல் எந்த லாரிக்காரரும் பிழைக்க முடியாது. எனவே உங்கள் ஊர் வண்டிகளுக்கு ஒரு மாத டிரிப் ஷீட்டை எடுத்து, ஏறும்போது எத்தனை டன், இறங்கும்போது எத்தனை டன் என்று எழுதுங்கள். பேட்டரி அளவைத் தீர்மானிப்பது அந்தத் தாள்தான். விற்பனையாளரின் கையேட்டில் அச்சிட்ட தூரம் உங்களுக்கு உதவாது. அது சமவெளியில் சோதித்துப் பெற்ற எண். சின்ன யானையின் மின் வடிவமான டாடா ஏஸ் இ.வி.க்கு 2022இல் சொல்லப்பட்ட தூரம் 154 கி.மீ. மலையில் அதில் பாதியை வைத்துத் திட்டமிடுங்கள். இலை வண்டிக்கு அந்தப் பாதியே தாராளம்.

இங்கே சமவெளிக்காரர்கள் யாரும் சொல்லித்தராத ஒரு விதி இருக்கிறது. மலை உச்சியில் பேட்டரியை முழுதாக நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரி, இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அப்போது மோட்டார் பிடிக்காது, மொத்தப் பளுவும் பிரேக்கின் மேல் விழும். ஊட்டியிலோ குன்னூரிலோ சார்ஜ் செய்தால் 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழும் காலைகளில் பேட்டரி குளிர்ந்து கிடக்கும்; குளிர்ந்த பேட்டரியும் மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும். அந்த நாட்களில் கிளம்பியவுடன் நீளமான இறக்கம் வரும் வழியாக இருந்தால், முதல் சில கிலோமீட்டருக்குப் பழைய பழக்கப்படியே மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். இதை ஓட்டுநர் பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மே மாத சீசனில் போலீசார் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். பர்லியாரில் மண் சரிந்தாலும் கோத்தகிரிதான் கதி. எனவே கோத்தகிரிச் சுற்றுக்கும் சேர்த்தே பேட்டரி கணக்கு போட வேண்டும்.

கடன் யார் பெயரில்

இந்த அத்தியாயத்தில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபரில் பழைய லாரிகளுக்குத் தடை விதிக்கத் தொடங்கின. காற்று தெளிந்தது, அது உண்மை. ஆனால் புது லாரி வாங்கும் கடன் பல இடங்களில் கடைசி ஆளான ஓட்டுநர் மேல் இறங்கியது. லாரி நிறுவனங்கள் வண்டியை வாங்கி, ஓட்டுநருக்குக் குத்தகைக்கு விட்டு, வாரக் கூலியில் தவணையைப் பிடித்துக்கொண்டன. பிடித்தம் போகக் கையில் எதுவும் மிஞ்சாத வாரங்கள் இருந்தன. வேலையை விட்டால் அதுவரை கட்டிய பணமும் போயிற்று, வண்டியும் போயிற்று. 2017இல் ஒரு தேசிய நாளிதழ் இதை விரிவாக வெளிக்கொண்டுவந்தது. 2018இல் கலிபோர்னியா சட்டமன்றம், ஓட்டுநருக்குக் கூலி பாக்கி வைத்த நிறுவனத்தை வேலைக்கு அமர்த்தும் சரக்குக்காரரும் பொறுப்பாவார் என்று சட்டம் செய்தது. 2022 ஏப்ரலில் அதே துறைமுகங்கள் சரக்கு ஏற்றிய 20 அடிப் பெட்டிக்கு 10 டாலர் வீதம் சரக்குக்காரரிடமே வசூலித்து, அதைச் சுத்தமான லாரிகளுக்கான நிதியாக்கின. பதினான்கு ஆண்டு கழித்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்திலிருந்து நாம் தொடங்கலாம்.

நம்மூர்க் கணக்கைப் பார்ப்போம். ஓர் இலை பிக்கப் நாளுக்கு 60 கி.மீ., மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் லிட்டருக்கு 10 கி.மீ. கிடைத்தால் டீசல் செலவு கிலோமீட்டருக்கு 9 ரூபாய்க்கு மேல். மின்சாரத்தில் அது இரண்டு, இரண்டரை ரூபாய்க்குள் அடங்கும். கிலோமீட்டருக்கு 7 ரூபாய் மிச்சம். மாதம் 10,500 ரூபாய். மின் வண்டிக்கு டீசல் வண்டியைவிட 4 லட்சம் கூடுதலாகக் கடன் வாங்க நேர்ந்தால், 12 சதவீத வட்டியில் 48 மாதத் தவணை அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் சுமார் 10,500 ரூபாய். சரிக்குச் சரி. பார்ப்பதற்குக் கணக்கு நேராகிவிட்டது போலத் தெரியும்.

ஜனவரியில் அது உடையும். பனியும் வறட்சியும் சேர்ந்து மார்ச் வரை கொழுந்து குறையும். ஆலை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓடும். வண்டி பாதி நாள் நிற்கும். ஓடாத வண்டிக்கு டீசல் மிச்சமும் கிடையாது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். ஆகவே தவணையை இலை வரத்தோடு கட்ட வேண்டும். கொழுந்து கொட்டும் மாதங்களில் கூடுதலாகவும் ஜனவரி முதல் மார்ச் வரை வட்டி மட்டுமாகவும் கட்டும்படி கூட்டுறவு வங்கியிடம் கேளுங்கள். பயிர்க் கடனில் அறுவடைக் காலம் பார்க்கிற வங்கிக்கு இது புரியாத விஷயம் அல்ல. வட்டி வீதமும் முக்கியம். வண்டியின் முழு விலையாக 9 லட்சம் கடன் என்றால், 12 சதவீதத்தில் மாதம் 23,700 ரூபாய். தனியார் ஃபைனான்சில் 18 சதவீதமென்றால் 26,400 ரூபாய். அந்த 2,700 ரூபாய், டீசலில் மிச்சமாகும் தொகையில் கால் பங்கைத் தின்றுவிடும்.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் மின் லாரிக்கு மானியம் தருகிறது. 2025 ஜூலையில் வந்த விதிகளின்படி ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். மானியம் 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடையுள்ள வண்டிகளுக்குத்தான். வாங்குபவர் பழைய டீசல் லாரியை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்த சான்று தர வேண்டும். முதல் நிபந்தனை நம் இலை பிக்கப்பையும் சின்ன யானையையும் வெளியே நிறுத்துகிறது. மலையில் யார் எண்ணிக்கை அதிகம், யாருக்கு அதிகம் தேவை என்று பார்த்தால், கிடைக்காதவர்கள் அவர்கள்தான். இது அநீதி என்று நான் கருதுகிறேன். சங்கங்களும் ஊராட்சிகளும் மாவட்ட ஆட்சியர் வழியாக இதை மாநில அரசுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அதுவரை உள்ளூரில் கிடைப்பதைத் தேட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு மாநில அரசின் தாட்கோ நிறுவனம் வழியாக நடக்கும் முதலமைச்சர் அரைஸ் திட்டத்தில் 35 சதவீதம், 3.5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி வாழும் குடும்பங்களில் லைசென்ஸும் பேட்ஜும் கையில் வைத்துக்கொண்டு பிறர் வண்டி ஓட்டும் இளைஞர்கள் பலர். தகுதியுள்ளவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒருவரை உங்கள் குழு நியமித்தாலே சில வண்டிகள் ஓட்டுபவர் பெயருக்கு வந்துவிடும்.

மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், டீசல் லாரிக்கு 2025 செப்டம்பர் முதல் 18 சதவீதம். பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று 2018இலேயே மத்திய அரசு அறிவித்திருக்கிறது. சாலை வரிச் சலுகையின் காலக்கெடு அவ்வப்போது மாறும். பதிவு செய்யும் வாரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

இனி சரக்குக்காரரின் பங்கு. ஐரோப்பியத் தேயிலை வாங்குநர்கள் கரியமிலக் கணக்கு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். புகையில்லாத வண்டியில் வந்த தேயிலை என்று பெட்டியில் எழுதி லாபம் பெறப்போவது அவர்களும் ஏற்றுமதியாளரும். கிலோவுக்கு 10 பைசா அவர்கள் தந்தால், 10 டன் லோடுக்கு 1,000 ரூபாய். ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ தூள் தரும் ஓர் ஆலைக்கு ஒரு லட்சம் ரூபாய். ஏலத்தில் நூறு ரூபாயைச் சுற்றி விலைபோகும் தூளில் 10 பைசா வாங்குபவரைத் துன்புறுத்தாது.

ஆனால் இந்த 10 பைசா எந்த இடத்தில் பிடிக்கப்படுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வு முறையில் விற்பனை விலையில் 65 பங்கு சிறு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு. ஏல விலைக்குள்ளிருந்து பிடித்தால், அதில் ஆறரை பைசா பச்சை இலை விலையிலிருந்து போய்விடும். இலைக்கு நியாயமான விலை கேட்டு 2023இல் உண்ணாவிரதம் இருந்த விவசாயிகளிடம் இன்னொரு பிடித்தத்தைக் காட்டினால், அதன் பெயர் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அவர்கள் மறுப்பார்கள், மறுப்பது சரியே. ஏல விலைக்கு மேலே, வாங்குபவரின் பில்லில் தனி வரியாக வர வேண்டும். அதே போல, இலை எடுக்கும் வாடகைப் பிடித்தம் எடை போடும் இடத்தில் உயர்த்தப்படாது என்று ஆலை எழுதித் தர வேண்டும்.

சார்ஜ் செய்யும் இடம்

மின்சாரம் நமக்குப் புதிதல்ல. 1932இல் பைக்காரா, பிறகு மோயாறு, குந்தா என்று தமிழகத்துக்கே விளக்கேற்றிய மலை இது. இருந்தும் ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை காற்றில் மரம் சாய்ந்தால் ஹட்டிகளில் மின்சாரம் நாள் கணக்கில் வராது. எனவே வீட்டு வாசலில் சார்ஜ் என்பதை நம்பித் திட்டமிடாதீர்கள். சொந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் உள்ள ஆலை வளாகமே நல்ல இடம்.

ஆலையின் மின்பளு எந்த நேரத்தில் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சாயங்காலம் இலை வந்ததும் வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் ஓடத் தொடங்கும், இலையை அரைக்கும் சி.டி.சி. இயந்திரங்கள் ஓடும்போது பளு உச்சத்துக்குப் போகும். ஒப்பந்த டிமாண்டைத் தாண்டினால் மின்வாரியம் அபராதம் போடும். காலை, மாலை உச்ச நேரத்தில் உயரழுத்த நுகர்வோருக்குக் கட்டணமும் அதிகம். ஐந்து பிக்கப்பை மெதுவான சார்ஜரில் இரவு 10 மணிக்கு மேல் போட்டால் 35 கிலோவாட்டுக்குள் முடியும். வேக சார்ஜர் விற்க வருபவர் வேறு சொல்வார். இலை வண்டிக்கு வேக சார்ஜர் தேவையில்லை, அந்தப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

வேக சார்ஜர் வேண்டியது மேட்டுப்பாளையத்தில். ஏறப்போகும் லாரி அங்கே நிரப்பிக்கொள்ள வேண்டும். இறங்கிய லாரி கொச்சிக்குப் போக வேண்டுமென்றால் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையில் இன்னொரு நிறுத்தம் வேண்டும். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு வரும் காய்கறி லாரிகளும் அதே சார்ஜரைப் பயன்படுத்தலாம். கேத்திப் பள்ளத்தாக்குக் கேரட்டும் இறங்குவது அந்தச் சாலையில்தான். தேயிலைக்காரரும் காய்கறிக்காரரும் சேர்ந்து கேட்டால் மின்வாரியம் புது டிரான்ஸ்ஃபார்மருக்குச் செவிசாய்க்க வாய்ப்பு அதிகம்.

கல்லாறு முதல் பர்லியார் வரை சாலையோரத்தில் சார்ஜிங் நிலையம் வேண்டாம். அது யானைகள் கடக்கும் இடம். இரவில் விளக்கும் நிற்கும் லாரிகளும் அங்கே கூடாது. சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்திருக்கிறது, அந்தப் பக்கம் எண்ணவே வேண்டாம். மற்ற இடங்களிலும் மண் வெட்டுமுன் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளைப் பாருங்கள். ஏற்கனவே கட்டடம் உள்ள வளாகத்தில் போட்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி எழாது.

வேலை போகும் என்று அஞ்சுபவர்கள்

கிளட்ச் பிளேட், இன்ஜெக்டர், பிரேக் ஷூ என்று மலைச் சாலை தேய்த்துத் தந்த வேலையில்தான் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் பட்டறைகள் பிழைக்கின்றன. மின் வண்டியில் கிளட்ச் கிடையாது, எண்ணெய் மாற்றம் கிடையாது, பிரேக் தேய்மானமும் குறையும். ஆனால் சஸ்பென்ஷன், டயர், ஸ்டியரிங், பாடி வேலை அப்படியே இருக்கும். உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடப் பயிற்சி தேவை. வண்டி வாங்கும் ஒப்பந்தத்திலேயே, ஐந்து வண்டிக்கு இரண்டு உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு நிறுவனம் தன் செலவில் பயிற்சி தர வேண்டும் என்று எழுதுங்கள்; மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.யில் அதை நடத்தலாம். இதை எழுதாவிட்டால் ஒவ்வொரு பழுதுக்கும் கோவையிலிருந்து ஆள் வரும்வரை வண்டி நிற்கும், நிற்கும் நாளின் நஷ்டம் ஓட்டுநருடையது.

சுமைதூக்குபவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலை லாரியிலிருந்து சமவெளி லாரிக்கு மேட்டுப்பாளையத்தில் சரக்கு மாற்றும் யோசனை எளிதாக வரும். அது குன்னூரில் ஏற்றுபவர்களின் வேலையைப் பறிக்காது, மேட்டுப்பாளையத்தில் வேலை கூட்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் சாக்கு கிழியும், மழையில் தூள் நனையும். கன்டெய்னர் பெட்டியில் அடைப்பதை இருகூரில் ஒரே முறையாக வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றுக்கூலி விகிதம் இரண்டு இடத்துச் சங்கங்களோடும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும்.

இலை ஏஜென்ட்டுகளின் நிலை வேறு. சொந்த வண்டியில் பல ஊர் இலையைச் சேர்த்து, எந்த ஆலை கூடக் கொடுக்கிறதோ அங்கே கொண்டுபோவது அவர்கள் தொழில். ஆலை வாங்கித் தரும் மின் வண்டியில் ஓடினால் அந்தச் சுதந்திரம் போய்விடும். அந்த வண்டி அதே ஆலைக்கு மட்டுமே இலை கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போட்டால், விவசாயியும் விலை ஒப்பிட்டு விற்கும் வாய்ப்பை இழப்பார். மானியமோ பொதுநிதியோ சேர்ந்த வண்டிக்கு இப்படி நிபந்தனை போடக் கூடாது என்பதைக் குழு தீர்மானமாகவே நிறைவேற்றட்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வண்டி கூட்டுறவின் பெயரிலோ ஆலையின் பெயரிலோ இருந்து, ஓட்டுநர் கூலிக்கு ஓட்டினால், தவணையை அவர் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது. கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது. குத்தகை முறையில் அவர் உரிமையாளராகப் போகிறார் என்றால், இடையில் விலகும்போது கட்டிய தொகையில் எவ்வளவு திரும்பும் என்று ஆண்டுவாரியாக அட்டவணை இருக்க வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு ஏழு நாள் முன்பு கையில் கொடுக்க வேண்டும்.

பேட்டரி உத்தரவாதத்தை ஆண்டோடும் கிலோமீட்டரோடும் சேர்த்துப் பாருங்கள். பி.எம். இ-டிரைவ் மானியம் பெறும் லாரிக்குப் பேட்டரி உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கி.மீ. மலை இலை வண்டி ஆண்டுக்கு 20,000 கி.மீ.கூட ஓடாது, எனவே நமக்கு முதலில் தீர்வது ஆண்டுதான். சிறு வண்டிக்கு இன்னும் நீண்ட ஆண்டு கேட்டு வாங்குங்கள். மலை ஏற்றத்தில் ஓட்டியதை வைத்து உத்தரவாதத்தை மறுக்க முடியாது என்றும் எழுத்தில் பெறுங்கள். பத்து வண்டி சேர்த்து வாங்கும் குழுவுக்கு நிறுவனம் இதற்கு இணங்கும்; தனியாளுக்கு இணங்காது.

கடைசியாக மழை நாள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகள் 40க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன, சாலைகளும் ரயில் பாதையும் துண்டாயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சாலையும் மின்சாரமும் சேர்ந்து போகும் அப்படிப்பட்ட வாரங்களில் தவணை தானாகவே தள்ளிப்போகும், தாமத அபராதம் கிடையாது, ஓட்டுநருக்குப் பாதிக் கூலியாவது உண்டு என்று ஒப்பந்தத்தில் தனிப் பத்தி இருக்கட்டும். சாலை மூடப்பட்டதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பே போதுமான சான்று. வேறு கடிதம் கேட்கக் கூடாது. ஆலையில் பழைய டீசல் பிக்கப்புகளில் இரண்டையாவது முதல் இரண்டு பருவமழைகள் முடியும்வரை விற்காமல் ஓடும் நிலையில் வைத்திருங்கள். அவற்றின் இன்சூரன்சும் எஃப்.சி.யும் ஜூன் மாதத்துக்கு முன்பே புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.